யெப்தாவின் மகள் கேட்ட இரண்டு மாதம்

அம்மணி,

நீ கிணத்துக்கடவுக்குப் போனதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் அம்மா போனில் சொன்னாளாம். அது சுத்தப் பொய். வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். என்ன சாப்பிடுகிறேன் என்பதுதான் தெரிவதில்லை. முந்தாநாள் ரசம் என்று நினைத்து டீயைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, பாதி தின்ற பிறகுதான் உன் அம்மா கவனித்தாள். "ஏனுங்க, நாக்கும் போச்சுங்களா?" என்றாள். நாக்குப் போகவில்லை அம்மணி. அது இருந்து தொலைத்ததால்தான் இத்தனையும்.

நேரில் வராமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் பேசினால் பாதியில் ஏதாவது தமாஷ் பண்ணித் தப்பித்துவிடுவேன். அது உனக்கே தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. நான் செய்ததை மைக் பிடித்து ஊரறியச் செய்தேன். அதற்கு ஒட்டிய கவருக்குள் பதில் சொல்வது நியாயமாகப் படவில்லை. அதனால் இதை நம் சபையின் மாதப் பத்திரிகையில் போட முடியுமா என்று பாஸ்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். முதலில் நீ படி. நீ சரி என்றால்தான் அச்சுக்குப் போகும். வேண்டாம் என்றால் உன் தலையணைக்கு அடியிலேயே கிடக்கட்டும். பார், கேட்டுவிட்டுச் செய்ய ஆரம்பித்துவிட்டேன். இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது இடுப்புப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. நீ சொல்லிக்கொடுத்த எக்சர்சைஸ் இதற்கு வேலை செய்யவில்லை.

அச்சுக்குப் போனால் நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் பவுண்டரியில் மோல்டிங் வேலை பார்ப்பவன். படிப்பு பத்தாவது, அதுவும் இரண்டாம் தடவை எழுதித்தான் பாஸ். பம்புக்கு வேண்டிய இரும்புப் பாகங்களை வார்ப்பது எங்கள் தொழில். முதலில் மரத்தில் அந்தப் பாகத்தின் உருவத்தைச் செய்வார்கள், அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அதை மண்ணுக்குள் வைத்து இடித்து, மெதுவாக உருவி எடுத்தால் மண்ணில் அதன் பள்ளம் நிற்கும். அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றினால் அசல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபையில் பெரியவர்களுக்கு நான் எடுத்துவந்த வகுப்பு முழுக்க இந்த ஒரே உவமைதான். பைபிளின் பழைய ஏற்பாட்டுக் கதைகள் மரப் பேட்டர்ன், வரப்போகிற மேசியாவான இயேசு வார்ப்பு. வகுப்புக்கே 'நிழல் பாடம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அண்ணன்மார் யோசேப்பைக் காசுக்கு விற்றார்களா, அங்கே காட்டிக்கொடுக்கப்பட்டவரின் நிழல். யோனா மீனின் வயிற்றில் கிடந்தானா, அங்கே கல்லறையின் நிழல். வனாந்தரத்தில் கம்பத்தில் தூக்கிய வெண்கலப் பாம்பா, அங்கே சிலுவை. "எந்தப் பக்கத்தப் பிரிச்சாலும் இயேசுவக் கொண்டாந்து நிறுத்திப்போடுவாருங்க" என்று ஆட்கள் சொல்லும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். பணிவு என்று நினைத்திருப்பாய். பல்லைக் காட்டிக்கொண்டு சிரித்தது தெரியாமல் இருக்கத்தான்.

அதிலும் ஆபிரகாம் கதை என்றால் எனக்குத் தனிக் குரலே வந்துவிடும். தகப்பன் தன் ஒரே மகன் ஈசாக்கைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப்போகிறான். விறகை மகனின் தோளில் வைக்கிறான். அது சிலுவை சுமந்தவரின் நிழல். கத்தியை ஓங்கும் நேரம் வானத்திலிருந்து நிறுத்து என்று குரல் வருகிறது. திரும்பிப் பார்த்தால் முட்புதரில் கொம்பு மாட்டிக்கொண்டு ஒரு ஆட்டுக்கடா. மகனுக்குப் பதில் அது. நமக்குப் பதில் அவர். இந்த இடத்தில் நான் நிறுத்துவேன். ரூம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை அம்மணி, ஒத்துக்கொள்கிறேன்.

நியாயாதிபதிகளின் காலத்துக்கு வந்தால் மட்டும் கிதியோனிலிருந்து ஒரே தாவாகச் சிம்சோனுக்குப் போய்விடுவேன். நடுவில் யெப்தா இருக்கிறான். ஒரு தடவை நம் சாமுவேல் அண்ணன், கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர் இல்லையா, விரலைத் தூக்கிவிட்டார். "ஏனுங்க தம்பி, நடுவுல ஒரு ஸ்டாப்ப விட்டுப்போட்டீங்களே?" என்றார். "அந்த ஸ்டாப்புல ஆரும் ஏற மாட்டாங்கண்ணா, அதான் பஸ்ஸ நிறுத்தறதில்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த நீ மட்டும் சிரிக்கவில்லை. அதை அன்றைக்கே கவனித்தேன். கவனித்துவிட்டுச் சிம்சோனின் முடியைப் பற்றிப் பேசப் போய்விட்டேன்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு இருதய வால்வு மாற்றிய அன்று நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். நீ அங்கேயே பிசியோதெரபி வேலை பார்ப்பவள் என்பதால் உள்ளே போய்வர உனக்கு அனுமதி உண்டு. எனக்கு அந்தக் கதவும் அதில் மாட்டியிருந்த போர்டும்தான். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து போர்டில் பட்டு என் கண்ணில் அடித்தது. எத்தனை ஜெபம் தெரியுமோ அத்தனையும் பண்ணி முடித்துவிட்டேன். வேறு சரக்கு இல்லாதபோது வாயில் வந்தது இது: ஆண்டவரே, இந்தக் கதவு வழியாக என் பொண்டாட்டி உயிரோடு வந்தால், என் வீட்டில் இருப்பதிலேயே சிறந்ததை உமக்குக் கொடுத்துவிடுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் மனதில் ஓடியது போன வருடம் வாங்கின ஸ்கூட்டர்தான்.

கதவு திறந்தது. நீ வந்தாய். முகத்தில் கட்டியிருந்த மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குதி குதித்து, "அப்பா! அம்மா நல்லா இருக்காங்கப்பா! கண்ணு முழிச்சுட்டாங்க!" என்றாய். நர்சம்மா உன்னை அதட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே என் மண்டைக்குள் அந்தப் பழைய மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. எதைப் பார்த்தாலும் அடையாளம் தேடிப் பழகின மண்டை அல்லவா? சிறந்ததைத் தருகிறேன் என்றேன், கதவு திறந்தது, முதலில் வந்தது என் ஒரே மகள். ஆகா, ஆண்டவர் கையைக் காட்டிவிட்டார், ஆபிரகாமிடம் கேட்ட மாதிரியே என்னிடமும் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். அம்மணி, பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவனைப் போய் ஆண்டவர் ஆபிரகாமுக்கு அடுத்த ஆளாக எடுத்திருப்பாரா என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போய்விட்டது.

நம் ஆட்களிடம் இது புதிதில்லை. காய்ச்சல் தெளிந்தால், கடை பிழைத்தால், பிள்ளை பிறந்தால் என்று பொருத்தனை பண்ணுவோம், நேர்த்திக்கடன் மாதிரி. சிலர் பிள்ளைகளில் ஒன்றை முழுநேர ஊழியத்துக்கு என்று நேர்ந்துவிடுவார்கள். அப்படிப் போய் மனதாரச் சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் செய்தது வேறு. உன் அம்மா தேறி வீடு வந்து, சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோமே, அன்றைக்கு, ஆண்டவர் செய்ததை ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் மைக்கை வாங்கினேன். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். நானோ குரலைத் தாழ்த்தி, ஆபிரகாம் குரலில், "என்ற ஒரே மகள ஆண்டவருடைய ஊழியத்துக்கு ஒப்புக்குடுக்கறேனுங்க. வடக்க எந்தக் கிராமத்துக்கு அனுப்பினாலும் போவாளுங்க" என்றேன். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. அந்த மூக்குறிஞ்சும் சத்தமும் கேட்டது. நான் உன் பக்கம் பார்த்தேன். நீ உன் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் தூங்கிப்போய் வேறு ஊரில் கண் விழித்த ஆள் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீயும் உன் தோழி சங்கீதாவும் சேர்ந்து சூலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக பிசியோதெரபி ரூம் திறக்க இடம் பார்த்திருந்தது எனக்குத் தெரியும். போர்டுக்கு என்ன கலர் என்று என்னிடம்தான் கேட்டாய். பச்சை என்று சொன்னவனும் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாதான் பேசினாள். நெஞ்சில் தையல் ஆறாதவள், சத்தம் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ரொம்ப மெதுவாகப் பேசினாள். அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "ஏனுங்க, என்ற உசுருக்கு என்ற புள்ளைய வெலையா வெச்சுப்போட்டீங்களா? அவளத்தான் கேக்கல. என்னையக் கேட்டீங்களா?" என்றாள். நான், "அதில்ல புள்ள, ஆண்டவரு..." என்று ஆரம்பித்தேன். "ஆண்டவர இழுக்காதீங்க. அவரு பேசறப்ப நான் பேசிக்கறேன். இப்ப நீங்க பேசுங்க" என்றாள். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குக் கூட நான், பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் போகப்போகத்தான் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நீ பையோடு வந்து நின்றாய். அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதை ஒரு சொல்லும் விடாமல் என்னால் சொல்ல முடியும். "அப்பா, எனக்கு ரெண்டு மாசம் டைம் குடுங்க. சங்கீதாவோட கிணத்துக்கடவுல இருந்துட்டு வாரேன்" என்றாய். "எதுக்கு அம்மணி ரெண்டு மாசம்?" என்றேன். "உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்கதானுங்களே பாடம் எடுக்கறவரு" என்றாய். எனக்கு இன்னும் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே, "ரெண்டு மாசம் கழிச்சு வருவீல்ல?" என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "வாரேனுங்கப்பா. அவளும் திரும்பி வந்தாளுங்களே."

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. 'அவளும்' என்றால் எவள் என்று யோசித்துக்கொண்டே டீ டம்ளரை எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தூக்கிவாரிப் போட்டது. டீ முழுக்க வேட்டியில். சூடு கூடத் தெரியவில்லை.

அந்த ஸ்டாப்பில் இங்கே நான் பஸ்ஸை நிறுத்தியே ஆகவேண்டும். யெப்தா ஒரு படைத்தலைவன். சண்டைக்குப் போகும்போது பொருத்தனை பண்ணுகிறான்: ஜெயித்துத் திரும்பினால், என் வீட்டு வாசலிலிருந்து என்னை எதிர்கொண்டு எது வருகிறதோ அதைப் பலியாகக் கொடுக்கிறேன் என்று. ஜெயிக்கிறான். திரும்பி வருகிறான். வாசல் திறக்கிறது. தாளம் தட்டிக்கொண்டு ஆடிக்கொண்டு முதலில் வருவது அவனுடைய ஒரே மகள். வாயைத் திறந்துவிட்டேனே, இனி மாற்ற முடியாதே என்று அழுகிறான். அவள் தகப்பனைத் திட்டவில்லை. இரண்டு மாதம் தவணை கொடுங்கள், தோழிகளோடு மலைக்குப் போய் அழுதுவிட்டு வருகிறேன் என்கிறாள். போகிறாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருகிறாள். புதரில் ஆட்டுக்கடா இல்லை. வானத்திலிருந்து குரல் இல்லை. கதை முடிந்துவிட்டது.

கதவு, கைத்தட்டல், குதியாட்டம், ஒரே மகள், வாய் திறந்த அப்பன். மீனின் வயிற்றுக்குள் கல்லறையைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, ஆஸ்பத்திரிக் கதவில் தன்னைப் பார்க்கத் தெரியவில்லை. அத்தனை நாளும் என்னை ஆபிரகாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அம்மணி. நீ இரண்டு மாதம் கேட்ட பிறகுதான் நான் யெப்தா என்று தெரிந்தது. கிணத்துக்கடவில் குன்று ஒன்று இருப்பது வேறு அப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. தோழி, மலை, எல்லாம் சரியாக இருந்தது. ஈரவேட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து துண்டைக் கையில் கொடுத்தாள்.

அப்போதே உன் பின்னால் ஓடிவந்திருக்கலாம். வரவில்லை. ஏன் என்றால் பயம். பொருத்தனையை உடைத்தால் உன் அம்மாவை ஆண்டவர் திருப்பி எடுத்துக்கொள்வாரோ என்று பயம். அவள் மாடிப்படியில் மூச்சு வாங்கினால் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். உன்னை விட்டால் அவள் இருப்பாள், அவளை விட்டால் நீ இருப்பாய் என்று தராசின் இரண்டு தட்டிலும் உங்களை உட்கார வைத்துவிட்டு நடுவில் முள்ளாக நான் ஆடிக்கொண்டிருந்தேன். அதைவிடக் கேவலமாக இன்னொன்றும் செய்தேன். யெப்தாவின் மகளையும் மேசியாவின் நிழலாக ஆக்கிவிட முடியுமா என்று பார்த்தேன். ஒரே பிள்ளை, கீழ்ப்படிந்தாள், பலியானாள், பொருந்துகிறதே என்று ஒரு பாடமே தயார் பண்ணினேன். அந்தப் பாடம் நன்றாகத்தான் வந்தது. நிச்சயம் மூக்குறிஞ்சியிருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் சங்கீதாவின் அப்பா போன் பண்ணினார். அவர்களுடைய தென்னந்தோப்பில் நீ நன்றாக இருக்கிறாய், அவருடைய முழங்காலுக்கு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுத்து உயிரை எடுக்கிறாய் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். போன வருசம் எங்க கருப்பராயன் கோயல்ல கிடா வெட்டினப்ப, கூப்பிட்டும் வரமாட்டேன்னீங்க. உங்க சாமி இப்ப ஆடெல்லாம் கேக்கறதில்லைன்னு அரை மணி நேரம் வெளக்கஞ் சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டேன். இப்ப ஆட்ட உட்டுப்போட்டுப் புள்ளையக் கேக்குதுங்களா?" என்றார். "எங்க கருப்பராயன் கிடாயோட நிறுத்திக்குவாருங்க" என்று சொல்லிவிட்டு, அவரே சங்கடப்பட்டுக்கொண்டு தேங்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் பவுண்டரியில் பேட்டர்னை மண்ணிலிருந்து உருவிக்கொண்டிருந்தேன். கையில் மரக்கட்டை. அதை எப்படித் திருப்பினாலும் திரும்புகிறது, எங்கே வைத்தாலும் கிடக்கிறது. கட்டைக்கு வாய் இல்லை. அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. நிழல் பாடத்தில் இத்தனை வருடமும் நான் கொடுப்பவனின் பக்கம் நின்றே கதை சொல்லியிருக்கிறேன். தகப்பன் கொடுத்தான், தகப்பன் கொடுத்தான் என்று. ஆனால் வார்ப்பு என்று நான் யாரைச் சொல்கிறேனோ அவர் கட்டை இல்லையே. என் உயிரை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, நானாகக் கொடுக்கிறேன் என்று சொன்னவர் அல்லவா அவர்? சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் முழங்கால் போட்டு, இது வேண்டாமே என்று தகப்பனிடம் வாய்விட்டுக் கேட்டவர் அல்லவா? கேட்டு, அழுது, வியர்த்து, பிறகு தானே எழுந்து நடந்தவர். அவருடைய சம்மதம் இல்லாமல் சிலுவையே கிடையாது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பலி இல்லை, கொலை. யெப்தாவின் கதையில் நிழல் கோணலாக விழுவதற்குக் காரணம் இதுதான். அவன் கொடுத்தது அவனுடைய பொருளே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஆபிரகாமிடம் ஆண்டவர் கேட்டார். யெப்தாவிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. இவனாக ஏலம் விட்டான்.

வானத்திலிருந்து ஏன் அங்கே குரல் வரவில்லை என்று எனக்கு ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. எனக்கு அந்தக் குரல் வந்துவிட்டது அம்மணி. நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன், அது அடுப்படிப் பக்கத்திலிருந்து, நெஞ்சில் தையலோடு, ரொம்ப மெதுவாக வந்தது. அவளத்தான் கேக்கல, என்னையக் கேட்டீங்களா என்று.

போன ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். உன் அம்மாவிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன், பயத்தையும் சொன்னேன். "நான் என்னைக்காச்சும் செத்துத்தான் போவேன். பொருத்தனைய ஒடச்சதாலதான் செத்தான்னு அன்னைக்கு ஆராச்சும் பேசினா, பொட்டியில இருந்து எந்திரிச்சு வந்து அறைவேன். மொத அறை உங்களுக்குத்தான்" என்றாள். இந்த உறுதிமொழியைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

மைக் வழக்கம்போலக் கீச்சிட்டது. "போன தடவ இங்க நின்னு எம் பொண்ண ஒப்புக்குடுத்தேனுங்க. அவளக் கேக்காம குடுத்துப்போட்டேன். அவ எனக்குச் சொந்தமான பண்டம் இல்லீங்க. குடுக்க எனக்கு உரிமையில்லாததக் குடுத்ததால, அந்த வார்த்தையத் திருப்பி எடுத்துக்கறேனுங்க. ஆண்டவருகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன், உங்ககிட்டயும் கேட்டுக்கறேன்" என்றேன். பெண்கள் பக்கத்தில் யாரோ, "பொருத்தனையப் போயித் திருப்பி வாங்கறதா, நல்லாயிருக்குதே!" என்றார்கள். சாமுவேல் அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தம்பி, கிழிச்ச டிக்கெட்டுக்குக் கேன்சல் இல்லீங்களே" என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஏனுங்கண்ணா, அவிநாசிக்குப் போற அம்மணிக்கு உங்க கையால பொள்ளாச்சி டிக்கெட்டக் கிழிச்சுப்போட்டா, டிக்கெட் கிழிச்சாச்சுன்னு பொள்ளாச்சிக்கே இழுத்துக்கிட்டுப் போவீங்களா?" என்றேன். அவர் யோசித்தார். "இல்லீங்க. அடுத்த ஸ்டாப்புல எறக்கி உடுவோம். நட்டம் கண்டக்டரோடது" என்றார். "அதேதானுங்கண்ணா. நட்டம் கண்டக்டரோடது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரும் மூக்குறிஞ்சவில்லை. உன் அம்மா மட்டும் என் முழங்கையைக் கிள்ளினாள். அது நல்ல கிள்ளு.

ஆராதனை முடிந்து பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "நீங்க செஞ்சது சரிங்க. ஆனா சபையில கொஞ்சம் பேருக்கு மனசு சரியில்ல. கொஞ்ச நாளைக்கு வகுப்ப வேற ஒருத்தரு எடுக்கட்டும்" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போடும்போதுதான் வலித்தது. என் வீட்டிலேயே சிறந்தது என்று நான் உண்மையில் கட்டிக்காத்தது அந்த வகுப்பைத்தான் போல இருக்கிறது. ஸ்கூட்டரையும் இல்லை, உன்னையும் இல்லை. அந்தப் பேர், அந்த மூக்குறிஞ்சும் சத்தம். உனக்குப் பதிலாக முட்புதரில் கொம்பு மாட்டிக்கொண்டு நின்ற கடா எது என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. கொம்பு கொஞ்சம் பெரிசுதான். போகட்டும். எங்கள் தொழிலில் ஒரு நல்ல விஷயம் உண்டு அம்மணி. வார்ப்பு கோணலாக வந்துவிட்டால் அதை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க மாட்டோம். சம்மட்டியால் உடைத்து, மறுபடியும் உலையில் போட்டுவிடுவோம். இரும்பு வீணாகாது.

ஆகவே நீ தவணை முடிந்து திரும்பி வரவேண்டியதில்லை. நாளைக்கு வந்தாலும் சரி, தோப்பிலேயே இருந்து அந்த மனுஷனின் முழங்காலை ஒரு வழி பண்ணிவிட்டு வந்தாலும் சரி. சூலூரில் அந்த ரூமுக்காரரிடம் போய், வேறு யாருக்கும் விட்டுவிடவில்லையே என்று மட்டும் விசாரித்தேன்; விடவில்லை. முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை, பயப்படாதே. உன்னைக் கேட்காமல் நான் இனி ஒரு பெயிண்ட் டப்பா கூட வாங்கமாட்டேன். பச்சை வேண்டாம் என்றால் நீலம் அடி. ஒருவேளை உனக்கே, உன் மனதிலேயே, வடக்கே ஏதோ ஒரு கிராமத்தில் நடக்கமுடியாமல் கிடக்கும் ஒரு கிழவியை எழுப்பி நடக்க வைக்கவேண்டும் என்று தோன்றினால் அதையும் சொல். அன்றைக்கு உன் பெட்டியை ஸ்டேஷன் வரைக்கும் நான் தூக்கிவருகிறேன். அழுதுகொண்டேதான் தூக்குவேன், ஆனால் தூக்குவேன்.

கடைசியாக ஒன்று. யெப்தாவின் மகளுக்கு வேதத்தில் பேர் கிடையாது, அதைக் கவனித்திருக்கிறாயா? அவனுடைய மகள், அவ்வளவுதான். அன்றைக்கு மைக்கில் நானும் 'என்ற ஒரே மகள்' என்றுதான் சொன்னேன். உன் பேரைச் சொல்லவில்லை. அது இப்போது நினைத்தாலும் எனக்குப் பகீர் என்கிறது. நீ பிறந்தபோது அந்தப் பேரை வேதத்திலிருந்து தேர்ந்தெடுத்தவன் நான். ஈசாக்குக்குப் பெண் கேட்டு வேலைக்காரன் ஒட்டகங்களோடு போகிற கதையை எத்தனையோ தடவை பாடமாக எடுத்திருக்கிறேன்: பெண் சபைக்கு நிழல், மாப்பிள்ளை மேசியாவுக்கு நிழல், ஒட்டகத்தின் மேல் இருந்த நகை இன்னதற்கு நிழல் என்று. ஒட்டகம் வரைக்கும் நிழல் பார்த்தவன், அந்தக் கதையில் ஒரு இடத்தை ஒட்டகம் மாதிரியே மென்றுகொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். எல்லாம் பேசி முடித்த பிறகு அந்த வீட்டார், பெண்ணைக் கூப்பிட்டு அவளையே கேட்டுவிடுவோம் என்கிறார்கள். கூப்பிடுகிறார்கள். போகிறாயா என்று கேட்கிறார்கள். அந்தப் பெண், உன் பேர்க்காரி, தன் வாயால் பதில் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் ஒட்டகம் நகர்கிறது.

நான் கூப்பிடவில்லை. கேட்கவில்லை. இப்போது கூப்பிடுகிறேன்.

ரெபெக்கா, கண்ணு, உனக்கு என்ன வேணும்? சொல்லு. அப்பன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.